மழை இல்லாத ஊருக்குப் போனவன்

மரக்காணம் உப்பளத்துக் குத்தகைக்காரர் வெங்கடாசலத்தின் தம்பி அறிவழகன் எங்கே போய் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் அவன் தலைக்கு மேல் மழை பெய்யும். சிறு வயதில் அது சட்டை நனைகிற அளவுக்குத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவனை ஒரு வேப்பங்கன்றின் பக்கத்தில் தனியாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள், கன்று நன்றாக வளர்ந்தது. வயது ஏற ஏற மழையும் வளர்ந்தது. ஐ.டி.ஐ. முடித்து ஜேசிபி ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் அது ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு விரிந்திருந்தது. வானூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஆசைப்பட்டு அவனைக் கூட்டிப்போய் வேர்க்கடலைக் கொல்லையில் குடிசை போட்டுக் கொடுத்தார். விதைத்தபோது எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிடுங்கிக் காயப்போட்ட பிறகும் அவன் அங்கேயே இருந்ததில் கடலை மொத்தமும் முளைத்துவிட்டது, அவனை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். உப்பு விளைகிற ஊரில் பிறந்தது அவன் நேரம்.

அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தவர் வெங்கடாசலம்தான். தம்பியை ஒருநாளும் அடித்ததில்லை. பாசமாக ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. தை மாதம் பாத்தியை மிதித்து இறுக்கித் தொடங்கினால் புரட்டாசிவரை உப்பு வாருவார்கள். அதுவரை அறிவழகன் அளத்துக்குள் வரக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. வரப்பில் அவன் தலை தெரிந்தாலே உப்பு வாருகிற முத்தம்மாள் கையை ஓங்குவாள்.

"டேய் அறிவு, அங்கியே நில்லுடா! ஒரு அடி எடுத்து வெச்ச, ஒன்ன புடிச்சி கடல்ல தள்ளிடுவேன்."

"தள்ளுக்கா. கடல்ல மழை பெஞ்சா யாரு கேக்கப் போறா?" என்று சிரித்துவிட்டுப் போவான்.

ஒரு புரட்டாசியில் வெங்கடாசலத்தின் மனைவி ரேணுகாவுக்குக் காய்ச்சல். அண்ணன் பசியோடு இருப்பாரே என்று அறிவழகன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்குள் ஓடினான். ஓடினால் மேகம் பின்தங்கிவிடும் என்பது அவன் நினைப்பு. பின்தங்கவில்லை. கீற்றுப் போட்டு மூடுவதற்குள் அந்தப் பருவத்தின் கடைசி உப்பு முழுவதும் கரைந்து வாய்க்காலில் போனது. பக்கத்துப் பாத்தியில் ஒரு சொட்டு விழவில்லை. வெங்கடாசலம் அவன் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார், அவன் மழையிலேயே கையைக் கழுவினார், பிறகு சொன்னார்.

"மழையே இல்லாத ஊரு எங்கனா இருந்தா அங்க போய் பொழைச்சிக்கடா. எங்கள உட்டுடு."

அண்ணன் கோபத்தில் சொன்னதைத் தம்பி யோசனையாக எடுத்துக்கொண்டான். மழை இல்லாத ஊர் எது என்று செல்போனில் தேடியதில், இமயமலைக்கு அந்தப் பக்கம் லடாக் என்று ஒரு பாலைவனம் இருப்பதும், அங்கே ரோடு போட ஜேசிபிக்கு ஆள் எடுப்பதும் தெரிந்தது. போய்விட்டான். அளத்தில் வேலை இருக்கிறது என்று அண்ணன் வழியனுப்ப வரவில்லை. வேலை ஒன்றும் இல்லை, வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று ரேணுகா பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

மேகமும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனது. ஊருக்கு வரவேண்டிய மற்ற மழையும் அதோடு சேர்ந்துகொண்டு கிளம்பிவிட்டது. இமயமலைக்கு இந்தப் பக்கம் மணாலிவரை போன மழைக்கு அதற்கு மேல் மலை ஏறத் தெரியவில்லை, அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் காய்ந்த சட்டையோடு நிற்கிற போட்டோ ஒன்றை அறிவழகன் அண்ணிக்கு அனுப்பினான். மரக்காணத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் மழை இல்லாமல் கழிந்தன. மார்கழியிலும் உப்பு வாரலாம் என்று முதல் வருஷம் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். அடுத்த வருஷம் உப்பு குவிந்து கேட்பாரற்றுக் கிடந்தது. அதற்கடுத்த வருஷம் கிணற்றுத் தண்ணீர் கரித்தது, டீ கரித்தது, பக்கத்து ஊர் கூனிமேட்டில் பிரியாணிக்கு உப்புப் போடுவதையே விட்டுவிட்டார்கள். குழந்தையின் கண்ணீர் குடத்துத் தண்ணீரைவிடக் கரிப்புக் குறைவு என்று தாய்மார்கள் சொன்னார்கள்.

அந்த வருஷம் புரட்டாசியில் மலையின் அந்தப் பக்கம் குளிர் முன்கூட்டியே இறங்கியது. தேங்கி நின்ற மழை எப்படியோ வழி கண்டுபிடித்துப் பாலைவனத்துக்குள் விழுந்தது. முதலில் தண்ணீராகப் பெய்தது, மறுநாள் விறைத்துப்போய்ப் பனியாகப் பெய்தது. அறிவழகன் வீடியோ காலில் வந்தான். ரேணுகாவிடமிருந்து போனைப் பிடுங்கிய வெங்கடாசலம், அடிவானம்வரை வெள்ளையாகக் கிடந்த தரையையும் அதன்மேல் தூறல்போல விழுந்துகொண்டிருந்ததையும் பார்த்தார்.

"டேய், மூடுடா! எவ்ளோ உப்புடா, கரையப் போவுது, கீத்த போட்டு மூடுடா!"

"அண்ணா, அது உப்பு இல்லண்ணா. பனி."

தம்பி ஊரைவிட்டுப் போன பிறகு அண்ணன் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நல்லா இருக்கியா என்று கேட்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அறிவழகன் பேசினான். "இங்கியும் வந்துடுச்சிண்ணா. இங்க வூடெல்லாம் மண்ணுக் கூரை, ஒழுவுது. ஆனா ஊருக்காரங்க யாரும் திட்டலண்ணா. நான் நடுங்குறேன்னு அவங்க வூட்டு அடுப்ப தூக்கியாந்து என் ரூம்ல வெச்சிட்டாங்க."

மழை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்ற செய்தி பரவி, மறுநாள் ஊரே வெங்கடாசலத்தின் வாசலில் கூடிவிட்டது. ஊர்த் தலைவர் ஐயப்பன் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் திணித்தார். "கூப்புடுப்பா. தம்பிதான, வந்துடுவான்." வெங்கடாசலம், "வந்துடுடா" என்றார். அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"நீ கூப்புடுறியாண்ணா, இல்ல ஊரு கூப்புடுதா?"

வெங்கடாசலம் சுற்றிலும் பார்த்தார். முத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேர் முன்னால் பாசமாகப் பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது. கனைத்துக்கொண்டார்.

"ஊரு கூப்புடுதுடா."

"சரிண்ணா" என்றான் அறிவழகன். "ஊருக்கு வேணுங்கறத அனுப்பி வெக்கிறேன்."

கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. ரேணுகா அவரைப் பார்த்துக் கேட்டாள்: "ஏங்க, நான்தான்டா கூப்புடுறேன்னு ஒரு வார்த்த சொல்ல, வாய்ல என்னா உப்பா அடைச்சிருந்துச்சு?"

ஐப்பசி பிறந்ததும், தம்பியும் வருவான் என்று, சென்னையிலிருந்து பகலில் வரும் பஸ்ஸுக்காக வெங்கடாசலம் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார். மீன்கூடைக்காரி ஒருத்தி இறங்கினாள், கல்லூரிப் பிள்ளைகள் இறங்கினார்கள், கடைசியாகப் பின்படியில் குனிந்து மேகம் இறங்கியது. நெடுந்தூரம் வந்ததில் களைத்திருந்தது, ஓரமெல்லாம் இன்னும் பனி ஒட்டியிருந்தது. கண்டக்டர் அதனிடம் டிக்கெட் கேட்கவில்லை. வெங்கடாசலம் பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தார். பஸ் புதுச்சேரிப் பக்கம் புறப்பட்டுப் போன பிறகும் கொஞ்சம் நின்றார். பிறகு வீட்டுக்கு நடந்தார், மேகம் பின்னால் வந்தது. அன்று அளத்தில் பனி விழுந்தது, எது உப்பு எது பனி என்று நக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கிணறுகள் தித்தித்தன. இப்போது தன்மேல் ஒன்றும் பெய்வதில்லை, லேசாக இருக்கிறது என்று அறிவழகன் அண்ணிக்கு போனில் சொன்னான். ஊருக்கு வருவதைப் பற்றி அவன் பேசவில்லை, அவள் கேட்கவும் இல்லை.

அதிலிருந்து வருஷா வருஷம் மேகம் அதே பஸ்ஸில் வருகிறது. ஊருக்கெல்லாம் பெய்துவிட்டு ராத்தங்க வெங்கடாசலத்தின் வாசலுக்கு வந்துவிடும், அதற்காக ரேணுகா துணிக்கொடியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டாள். சாயங்காலம் அவர் நாற்காலியை அதன் அடியில் போட்டுக்கொண்டு, குடை இல்லாமல் உட்கார்ந்து, "நான்தான்டா கூப்புடுறேன், வாடா" என்று அண்ணாந்து சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வழியாகக் கடைத்தெருவிலிருந்து திரும்புகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள்.

"என்னா வெங்கடாசலம், தம்பி என்னா சொல்றாப்ல?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெய்யுறான்பா" என்பார்.

அவர்களும் தலையை ஆட்டிவிட்டு நனைந்தபடி வீட்டுக்குப் போவார்கள்.