திமிங்கலத்தின் அங்க அடையாளங்கள்

ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த இரண்டு பேரும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். பெட்டியின் முன்பாதி வீட்டுக்குள்ளும் பின்பாதி வெயிலிலுமாக இருந்தது.

"எங்கன வைக்க?" என்றான் முன்னால் நின்றவன்.

நியாயமான கேள்விதான். ஹாலில் தரை என்று ஒன்று இல்லை. சுவரிலிருந்து சுவர்வரைக்கும் காகிதக் கட்டுகள், ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஒரு சங்கு. மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க வேதமணி வைத்தவை. கட்டுகளுக்கு நடுவில் ஒற்றைப் பாதம் வைக்கிற அளவுக்குச் சந்து விட்டிருந்தார். அந்தச் சந்துகளில் வழி தெரியாமல் வீட்டு எலிகள் எல்லாம் குடிமாறிப் போய்விட்டதாகவும், போகும்போது தன்னிடம் சொல்லிவிட்டுப் போனதாகவும் போன மாதம் கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது உள்ளறைக் கட்டிலில் தாடைக்குத் துணி கட்டிப் படுத்திருந்தார்.

"எல்லாத்தையும் அள்ளி மூலையில தள்ளுக்கா," என்றான் நேசக்குமார். கோயம்புத்தூரிலிருந்து இராத்திரி பஸ்ஸில் வந்து இன்னும் முகம் கழுவாத தம்பி.

"வரிசை கலைஞ்சுரும்லே."

"யாருக்கு இனி வரிசை?"

ஜெபசுதாவுக்கும் தெரியவில்லை. மூன்று மாதமாகப் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு நாசரேத்திலிருந்து வந்து அப்பாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டிக் கொண்டிருந்தவள். குனிந்து முதல் கட்டை எடுத்தாள். சங்கைக் கையில் வைத்துக்கொண்டு, காகிதத்தை மார்போடு அணைத்து, அடுக்களைப் பக்கம் கொண்டு போனாள். இரண்டாவது கட்டை எடுத்தாள். மூன்றாவதுக்குள் நேசக்குமாரும் ஐஸ் பெட்டிக்காரர்களும் பொறுமை இழந்து ஆளுக்கொரு பக்கம் அள்ளத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வருஷ வேலை, ஒரு தேங்காய் துருவுகிற நேரத்தில் முடிந்தது. தரை சமமாக இல்லாததால் பெட்டி ஆடியது. ஐஸ் பெட்டிக்காரன் கையில் கிடைத்த நாலு பக்கத்தை எட்டாக மடித்து ஒரு காலுக்கு அடியில் செருகினான். ஆட்டம் நின்றது.

அந்தக் காகிதங்களின் கதை ஊருக்கே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பைபாஸ் ரோட்டிலிருந்த ஒரு கண்டெய்னர் யார்டில், காலிக் கண்டெய்னருக்குள் ஒரு கப்பல் ஏஜென்ட் செத்துக் கிடந்தார். பெரிய இடத்து ஆள். டிவிக்காரர்கள் யார்டு வாசலிலேயே சமைத்துச் சாப்பிட்டார்கள். எதிர்வீட்டுச் சுடலைராஜின் தம்பி மகாராஜாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் டிரெய்லர் லாரி அன்றைக்கு இராத்திரி உள்ளே போனதாம். லாரி நம்பரைக் கேட்டில் வேலை பார்த்த யாரோ சொன்னார்களாம். வழக்கு ஒன்றுமில்லை என்று ஆகி அவன் வெளியே வர ஐந்து வருஷம் ஆயிற்று. வந்தவன் வீட்டில் ஒரு வாய்ச் சோறு தின்றுவிட்டு மஸ்கட்டுக்குப் போனான். அப்புறம் போன்கூட இல்லை.

அந்தக் கேட்டில் லாரி நம்பர் எழுதுகிற குமாஸ்தா வேதமணி. அவரையும் இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஜீப்பிலேயே கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். இறங்கியவர் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். அந்தச் சிரிப்பைத் தெரு பார்த்தது. நம்பரைச் சொன்னது இவர்தான் என்று அத்தோடு முடிவாயிற்று. இடது கை வீங்கியிருந்ததைத் தெரு பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்து, "நண்டு புடிச்சுட்டு. பெரிய நண்டு. ரெண்டு பேரு சேந்துதான் வெலக்கி விட்டாவ," என்றார். அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தாள். நண்டு எங்கே பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் சொல்லுகிற எதையும் யாரும் திருப்பிக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அம்மா செத்தபோது தெருவிலிருந்து ஒருத்தர் வரவில்லை. பெட்டி தூக்க ஆள் இல்லாமல், வேதக்கோயிலில் மணி அடிப்பவர் போய் மார்க்கெட்டிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்தார். ஒருவர் தோளில் இன்னும் மீன் செதில் ஒட்டியிருந்ததை ஜெபசுதா பார்த்துக்கொண்டே கல்லறைத் தோட்டம்வரை நடந்தாள்.

போன வருஷம் விசாரணைப் பேப்பர் எல்லாவற்றையும் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. வைத்தார்கள். பன்னிரண்டாயிரம் பக்கத்துக்கு மேல், தலைகீழாகவும் பக்கவாட்டிலும், பக்க எண் வெட்டுப்பட்டு, எழுத்தைத் தட்டித் தேடினால் கிடைக்காதபடி படம் படமாக. ஆட்களின் பெயரை எல்லாம் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். வேதமணி அவ்வளவையும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தார். "கடைக்காரன் என் பேர்ல ஒரு மெஷின் வாங்கிட்டான்," என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார். நெசம் ஒரு பக்கம், பொய் ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம். தேறாததற்குத்தான் பெரிய சங்கு.

எதைத் தேடுகிறார் என்று கேட்டதற்கு ஒருமுறைதான் நேராகப் பதில் சொன்னார். பேச்சு குழறத் தொடங்கிய பிறகு. "நான் சொன்னத அவனுவ எழுதினானுவ. அந்தப் பக்கம் கெடச்சா சுடலைகிட்ட குடு. நான் மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னால குடு."

பிரிக்காத பேப்பர் இன்னும் ஒரு பெட்டி நிறையக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நாலு மணிக்கு அடக்கம்.

ஜெபசுதா அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, ஐஸ் பெட்டிக்கு மாறியிருந்த அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கோயில் ஆட்கள். வந்தார்கள், அழுதார்கள், உட்காரத் தரை தேடினார்கள், பக்கத்தில் கிடந்த காகிதத்தில் ஒன்றைத் தற்செயலாக எடுத்தார்கள். அவ்வளவுதான். பத்து மணிக்குள் சாவு வீடு வாசகசாலை ஆகிவிட்டது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு படித்தாள். இன்னொருத்தி கண்ணாடி கொண்டுவர மறந்ததற்காகத்தான் அந்த அழுகை அழுதாள்.

அதே யார்டுக் கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எஸ்றா மட்டும் கால் நீட்டி உட்கார்ந்து, எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என் பேரே இல்லியே சுதா."

"எல்லாப் பேரும் கறுப்புலதான் மாமா இருக்கு."

"கறுப்புலயாவது எங்கன இருக்கும்னு தெரியணும்லா."

"எதுக்கு மாமா?"

"சும்மாதான்," என்று அடுத்த கட்டை இழுத்தார்.

நேசக்குமார் வந்து குனிந்தான். "அக்கா, ஐயரு வந்துட்டாவ. நீ என்ன பரிச்சப் பேப்பரா திருத்துத? எந்திரி."

"இன்னும் கொஞ்சம்தாம்ல."

"கெடச்சா மட்டும்? பேரக் கறுப்படிச்சிருக்கான். இதுதான் எங்கப்பான்னு எப்பிடிக் காட்டுவ?"

அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. கண் எரிந்தது. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடியது. மருத்துவ அறிக்கை, செல்போன் கோபுரப் பட்டியல், யாரோ ஒருவரின் சாப்பாட்டுச் செலவு, அப்புறம் மறுபடி அதே மருத்துவ அறிக்கை தலைகீழாக. ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அது வெறும் உறை என்று தெரிந்தது. அப்பா இதை ஒரு வருஷம் செய்தார்.

சபைப் போதகரான ஐயர் வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். "தூக்குறதுக்கு ஆள் இருக்கா, தம்பி?"

"வண்டிக்குச் சொல்லியிருக்கேன் ஐயரே."

"வண்டி கல்லறைத் தோட்டத்து வாசல்வரைக்கும்தான. இங்கேருந்து வண்டிக்கு?"

நேசக்குமார் அக்காவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். மெலிந்துவிட்டது. பத்துப் பதினைந்து பக்கம். ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். இல்லை. பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒரு சங்குதான் அகப்பட்டது.

அப்போது கேட்டுச் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக் கேட்டுக்குப் பூட்டு என்ற ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆயுள் முழுக்கக் கேட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய மனுஷன், சொந்த வீட்டுக் கேட்டை ஒரு நீல நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு சுடலைராஜ் வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் மாலை இல்லை, செல்போன் இருந்தது.

படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

அவர் நேரே ஐஸ் பெட்டியிடம் போய் நின்றார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"சித்தப்பா," என்றாள் ஜெபசுதா. தெருவில் கூப்பிட்டுப் பழகிய அந்த வார்த்தை, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு சரியாக வரவில்லை. "ஒரு பக்கம் தேடுதேன். ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாவ. இன்னும் கெடைக்கல."

"எங்கிட்ட இருக்குளா," என்றார் சுடலைராஜ்.

செல்போனைக் கையை நீட்டித் தூரமாக வைத்துக்கொண்டார். எதிர்வீட்டு மாடியில் மூன்று மாதமாக இராத்திரியில் இந்த வெளிச்சம் தெரிந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. படம் பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு மனுஷன், அந்தப் பக்கம் ஒரு மனுஷன். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள்.

சுடலைராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேதாகமம் வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார்.

"சாட்சி மேலும் கூறுவதாவது. அன்று இரவு சுமார் ஒன்றரை மணியளவில், சுமார் அறுபதடி நீளமுள்ள திமிங்கலம் ஒன்று மேற்படி கேட்டுக்கு வந்ததாகவும், அதனிடம் பர்மிட் இல்லாத காரணத்தால் தான் அதை உள்ளே விட மறுத்ததாகவும், மேற்படி திமிங்கலத்தோடு வாக்குவாதத்தில் இருந்தபடியால் அச்சமயம் கேட்டைக் கடந்த லாரி எதையும் தான் கவனிக்கவில்லை என்றும் கூறுகிறார். திமிங்கலத்தின் அங்க அடையாளங்கள் கேட்டதற்கு, மாநிறம் என்றும், இடது கண்ணுக்குக் கீழே மச்சம் என்றும், நேரில் பார்த்தால் அடையாளம் காட்ட முடியும் என்றும் கூறுகிறார்."

யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அழுகையா வேறெதுவுமா என்று தெரியவில்லை. ஐயர் தரையைப் பார்த்தார்.

"மறுநாள் காலை மீண்டும் விசாரிக்கப்பட்டதில், சாட்சி முன்னர் கூறியதையே கூறினார். அன்று மாலை தீவிரமாக விசாரிக்கப்பட்டதில், திமிங்கலத்தின் நீளம் எழுபதடி என்று திருத்திக் கூறினார். இந்தச் சாட்சி வழக்குக்குப் பயன்படமாட்டார். அனுப்பிவைக்கப்பட்டார்."

ஜெபசுதா கண்ணாடி வழியாக அப்பாவின் இடது கையைப் பார்த்தாள். நெஞ்சின் மேல் வைத்திருந்த அந்தக் கையில் மூன்று நகங்கள் கோணலாக, தடித்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வளர்ந்திருந்தன. பெரிய நண்டு. ரெண்டு பேர் சேர்ந்து.

"லாரி நம்பரக் குடுத்தது எவன்னு கடைசிவரைக்கும் தெரியல," என்றார் சுடலைராஜ். "எல்லாம் கறுப்பு. ஆனா திமிங்கலத்தத் திருப்பி அனுப்பினது எவன்னு இந்தத் தெருவுல பச்சப்புள்ளைக்கும் தெரியும்."

எஸ்றா எழுந்து வெளியே செருப்புத் தேடப் போனார். அப்புறம் அடக்கத்தில் அவரை யாரும் பார்க்கவில்லை.

"எப்ப சித்தப்பா பாத்திய இத?"

"பங்குனியில."

இப்போது புரட்டாசி. இந்த ஆறு மாதத்தில் அப்பா எத்தனை பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்திருப்பார். முதுகு வலிக்குத் தைலம் தேய்க்கும்போதுகூட ஒரு கையில் காகிதம் இருந்தது.

சுடலைராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டார். போட்டதை எடுத்தார். மறுபடி போட்டார்.

"அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன்," என்றார். "கேட்டு பூட்டிக் கெடந்துச்சு."

நேசக்குமார் வாயைத் திறந்தான். ஜெபசுதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலுக்கு அப்பால் அந்த நைலான் கயிறு கேட்டில் தொங்கிக் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் தெரிந்தது. சுடலைராஜும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சித்தப்பா," என்றாள். குரலில் அலுப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. "அன்னைக்குப் பூட்டித்தான் வச்சிருந்தோம். சாவியும் தொலஞ்சு போச்சு."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்றரைக்குச் சவப்பெட்டியை மூடியபோது வாசலில் தெரு நின்றது. யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தூக்க எட்டுப் பேர் வந்தார்கள், ஆறு பேருக்குத்தான் இடம் இருந்தது. தலைப்பக்கம் சுடலைராஜ் நிற்பார் என்று ஐயர் எதிர்பார்த்து ஒதுங்கி இடம் விட்டார். அவர் வரவில்லை.

ஜெபசுதா பெட்டிக்குப் பின்னால் இறங்கினாள். ஹாலில் ஐஸ் பெட்டியின் கால் இருந்த இடத்தில் எட்டாக மடித்த காகிதம் ஈரத்தில் ஊறிக் கிடந்தது.

சுடலைராஜ் கேட்டருகே நின்றிருந்தார். துருப்பிடித்த அந்தக் கேட்டு பாதிக்கு மேல் திறக்காது. அதைத் தோளால் தள்ளி, கீல் முனக, சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டி போயிற்று. ஐயர் போனார். ஜெபசுதாவும் நேசக்குமாரும் போனார்கள். தெரு போயிற்று. கடைசி ஆள் தாண்டுகிறவரை அவர் பிடித்துக்கொண்டே நின்றார்.

தெருமுனையில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆளில்லாத வீட்டின் கேட்டைச் சாத்தி, நீலக் கயிற்றை ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று நிதானமாகச் சுற்றி, சுடலைராஜ் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.