தலைச்சீட்டு

பதினொன்றரை மணிக்கு ஃபெலெட்டியின் படகு ஆபத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. ஃபெலெட்டி அந்த நேரத்தில் மீனவர் சங்க அலுவலகத்தின் வாசலில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார். படகு அவருக்குப் பின்னால், நெய்யாஃபு துறையில், கட்டிய கயிற்றோடு சமர்த்தாக ஆடிக்கொண்டிருந்தது.

"நான் மூழ்கறேனாம்," என்றார் அவர், உள்ளே திரையைப் பார்த்து. இழவு வீட்டிலிருந்து நேரே வந்ததால், டோங்கா வழக்கப்படி இடுப்பில் கறுப்புப் பாய் சுற்றியிருந்தார். "ரொட்டியை முடிச்சுட்டு மூழ்கலாமா, இல்ல இப்பவேவா?"

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கலோலைனிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்தே வரைபடம் அவளைப் பைத்தியமாக அடித்துக்கொண்டிருந்தது. கடலில் பதினோரு படகுகள் இருக்க வேண்டும். வரைபடத்தில் இருந்தது ஒரே படகு, ஃபெலெட்டியின் படகு. அது பத்து மணிக்குத் துறையில் இருந்தது, பத்தே காலுக்கு ஹுங்கா தீவுக்கு வெளியே, பத்தரைக்கு டோகுவுக்கு வடக்கே. விமானம்கூட அப்படிப் பறக்காது.

படகுகளில் பொருத்திய கருவிகள் அரைமணிக்கு ஒருமுறை தங்கள் இடத்தை வானொலியில் சொல்லும். சங்கத்துப் பெட்டி அதை வாங்கி, தலைநகரிலுள்ள வரைபட இயந்திரத்துக்கு அனுப்பும். அனுப்பும் நிரலை எழுதியவள் கலோலைனி. இணையவழி அனுப்புவதற்கென்றே ஊரெல்லாம் பயன்படுத்தும் ஒரு லைப்ரரியை, யாரோ முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பை, வைத்து எழுதியிருந்தாள். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஒரு ஹெடர், அதாவது உறைமேல் ஒட்டும் சீட்டு போல ஒரு வரி: இது இன்ன படகுடையது. அந்த வரி இல்லாவிட்டால் தலைநகர் இயந்திரத்துக்கு யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது.

கருவியில் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. அமுக்கினால் 'உதவி' என்ற ஒரு சொல்தான் போகும், இடம் போகாது. மலிவுக் கருவி, அவ்வளவுதான் செய்யும்.

பதினொன்றேகாலுக்கு, எரிச்சல் தாங்காமல், அவள் நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டிருந்தாள். கால்மணி கழித்து உதவி வந்தது. ஃபெலெட்டி பேரில்.

"கருவி பழுதா இருக்கும் மாமா," என்றாள்.

ஃபெலெட்டி ரொட்டியைக் கீழே வைத்தார். "என் பொத்தானை யாரும் தொடல. இப்பத்தான் படகுல ஏறிப் பார்த்துட்டு வந்தேன். அப்ப அமுக்கினது யாரும்மா?"

அந்தக் கேள்வி அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரோ ஒருவன் உண்மையில் அமுக்கியிருக்கிறான். அவன் பெயர்தான் ஃபெலெட்டி இல்லை.

வானொலியை எடுத்துப் பதினோரு படகையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். ஏழு பேர் பதில் சொன்னார்கள், அதில் ஒருவன் மீன் கடிக்கிற நேரத்தில் தொந்தரவு செய்வதாகத் திட்டினான். நாலு பேர் பதில் சொல்லவில்லை. தீவுகளுக்குப் பின்னால் போனால் வானொலி எட்டாது, ஆகவே பதில் இல்லை என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. தோமாசி, லிசியேட், சிதிவெனி, மனாசே. மனாசே கலோலைனியின் கணவன்.

அவள் அவன் படகை மட்டும் இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

லுசியானே வந்து சேர்ந்தாள். மனாசேயின் அக்கா, சிதிவெனியின் மனைவி. புருஷனும் தம்பியும் அந்த நாலு பேரில் இருந்தார்கள். டோங்காவில் கணவனின் அக்கா என்றால் வீட்டில் முதல் மரியாதை அவளுக்கு, அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கலோலைனி எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். லுசியானே உட்காரவில்லை.

"அந்தப் பெட்டி என்ன சொல்லுது?"

"தெரியல அண்ணி. எல்லாத்தையும் ஃபெலெட்டி மாமா பேர்ல சொல்லுது."

"நீ எழுதினதுதானே? உனக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

நியாயமான கேள்வி. கலோலைனிக்கு உண்மையாகவே தெரியவில்லை. திங்கட்கிழமை ஒரே ஒரு மாற்றம் செய்தாள். அதுவரை ஒவ்வொரு படகின் செய்திக்கும் புதிதாக இணைப்பு எடுத்து, அனுப்பி, மூடிக்கொண்டிருந்தாள். செயற்கைக்கோள் இணைப்பு ஆமை வேகம், ஒவ்வொரு தடவையும் தலைநகரோடு கைகுலுக்கி அறிமுகம் சொல்லவே அரை நிமிடம் போய்விடும். அதனால் ஒரே இணைப்பைத் திறந்துவைத்து எல்லாச் செய்தியையும் அதிலேயே அனுப்பும்படி மாற்றினாள். நல்ல மாற்றம்தான். சோதித்தும் பார்த்தாள். துறையில் கட்டியிருந்த ஒரே படகை வைத்து, பத்துத் தடவை. பத்தும் சரியாகப் போனது. அதற்கப்புறம் படகுகள் கடலுக்குப் போனது இன்றைக்குத்தான்.

வெளியே ஃபெலெட்டி படகின் இயந்திரத்தைத் தட்டிவிட்டு வந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நான் தயார். எந்தப் பக்கம் போகணும்? நாலு பேரு நாலு பக்கம். தப்பான பக்கம் போனேன்னா திரும்பி வர ரெண்டு மணிநேரம்."

யாரிடம் என்ன சொல்வது. அவள் தலைநகரிலிருந்த சேமிசியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள், வரைபட இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சேமிசி, அந்த உதவிச் செய்தி வந்த மாதிரியே உன்கிட்ட இருக்கா? வரைபடத்துல போடறதுக்கு முன்னாடி இருந்த மாதிரி?"

"இருக்கு, இரு." விசைப்பலகை தடதடத்தது. பிறகு சிரித்தான். "என்ன கலோலைனி இது, ஒரு படகுக்கு எத்தனை பேரு வெச்சிருக்கே? தலைல ஒரு கூட்டமே நிக்குது. எங்க இயந்திரம் முதல் பேரைப் பார்த்ததோட நின்னுடும், மிச்சத்தைக் கண்டுக்காது."

அவளுக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து ஓடியது. அனுப்பியதும் சீட்டு தானாக உதிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். உதிராது. நீயே எடுக்கும்வரை அந்த லைப்ரரி சீட்டை விடாது, சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பழைய இணைப்பை மூடியபோதெல்லாம் சீட்டும் போய்விட்டது, அதனால் தப்பித்தாள். இப்போது ஒரே உறை, அதன்மேல் சீட்டுக்குக் கீழே சீட்டாக அவளே ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நிரல் ஓடத் தொடங்கியதும் முதலில் பேசியது பக்கத்தில் இருந்த ஃபெலெட்டியின் கருவி. அதற்கப்புறம் யார் பேசினாலும் மேலே ஃபெலெட்டி. அவர் பேருக்கு அடியில் ஒரு ஆள் மூழ்கிக்கொண்டிருந்தான்.

"சேமிசி, பேரையெல்லாம் மேலேருந்து கீழ படி. கடைசிப் பேருதான் அமுக்கினவன். நடுவுல வர்றவங்க முன்னாடியே இடம் சொல்லிட்டுப் போனவங்க."

லுசியானே மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபெலெட்டி," என்றான் சேமிசி.

"ம்."

"தோமாசி. சிதிவெனி. இன்னும் இருக்கு."

லுசியானேயின் விரல்கள் மேசையைவிட்டுத் தளர்ந்தன. கடைசிப் பேர் இல்லை. அவள் வாய்க்குள் ஏதோ ஜெபம் சொன்னாள்.

"லிசியேட். மனாசே."

அங்கே சேமிசி இருமினான். கலோலைனி சாகாமல் செத்தாள். நிறுத்திவிடாதே, இன்னொரு பேர் சொல், யார் பேராவது சொல், என்று அவள் மனம் கத்தியது. யார் பேராவது என்று கேட்டது அவளுக்கே கேட்டது.

"சிதிவெனி. அவ்வளவுதான், அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல."

கலோலைனியின் நெஞ்சிலிருந்து மூச்சு பெரிதாக வெளியே வந்தது. சந்தோஷம்தான், வேறென்ன. அந்தச் சந்தோஷம் முடிவதற்குள் எதிரே நின்ற லுசியானேயின் முகம் கண்ணில் பட்டது.

"அவர் பேரு முன்னாடியே வந்துச்சே," என்றாள் லுசியானே. "நடுவுல வந்துச்சே. நடுவுல வந்தா தப்பிச்சாங்கன்னுதானே நீ சொன்னே."

"அது முதல்ல இடம் சொன்னது அண்ணி. இது ரெண்டாவது தடவை." ஒலிபெருக்கியிடம் குனிந்தாள். "சேமிசி, கடைசிப் பேரு சிதிவெனின்னு முடியற இன்னொரு செய்தி இருக்கும், மூணே மூணு பேரோட. அதுல இருக்கிற இடத்தைப் படி."

அவன் படித்தான். அவள் எழுதினாள். லேட் எரிமலைத் தீவுப் பக்கம், மேற்கே. ஃபெலெட்டி காகிதத்தைப் பறித்துக்கொண்டு பாயோடேயே படகில் குதித்தார். அப்போது மணி பன்னிரண்டேகால்.

பெண்கள் இருவரும் வானொலிக்கு முன்னால் இருந்தார்கள். ஒரு மணிக்குத் தோமாசி பேசினான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றரைக்கு மனாசே பேசினான், மதியச் சாப்பாட்டுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டான். கலோலைனி பதில் சொல்லாமல் அழுதாள். லுசியானே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு ஃபெலெட்டியின் குரல் வந்தது. "சிதிவெனியும் கூடப் போன பையனும் கிடைச்சாச்சு. படகு கவுந்து கெடக்கு, மேல உக்காந்திருந்தாங்க. சிதிவெனிக்குக் கால்ல அடி. பேசறான், திட்டறான், நல்லா இருக்கான்."

லுசியானே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து கலோலைனியைக் கட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டு வாசலில் சேர்ந்துவிட்ட சங்கத்து ஆட்களைப் பார்த்துச் சொன்னாள். "இந்தப் பொண்ணு இல்லேன்னா என் புருஷன் இல்ல. கேட்டுக்கங்க எல்லாரும். என் தம்பி பொண்டாட்டி கண்டுபிடிச்சது."

ஆட்கள் தலையாட்டினார்கள். கலோலைனி அந்த அணைப்புக்குள் மரம்போல நின்றாள். சும்மா இருந்துவிடலாம். செயற்கைக்கோள் இணைப்பைக் குறை சொல்லிவிடலாம், எப்போதும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். சேமிசிக்குக்கூட முழுசாகப் புரிந்திருக்காது.

"அண்ணி," என்றாள். "தொலைச்சதும் நான்தான். திங்கக்கிழமை நான் மாத்தினேன். பழைய சீட்டை எடுக்காம விட்டுட்டேன். ஒரே படகை வெச்சுச் சோதிச்சுட்டுச் சரின்னு விட்டுட்டேன். சிதிவெனி அண்ணன் முக்கால் மணிநேரம் தண்ணில கூடுதலா இருந்தது என்னால."

லுசியானே கையை எடுத்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. வாசலில் நின்றவர்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அவர் வரட்டும்," என்றாள் கடைசியில். "எங்கிட்ட எதுக்குச் சொல்றே. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

மூன்றரைக்கு ஃபெலெட்டியின் படகு முனையைச் சுற்றி வந்தது. லுசியானே துறைக்கு நடந்தாள். கலோலைனி அவளுக்கு முன்னால் போய், சிதிவெனி முதலில் பார்க்கும்படி நின்றாள். கணவனின் அக்காவை முந்தி நிற்பது வழக்கப்படி செய்யக்கூடாத காரியம். லுசியானே அவளைத் தள்ளவில்லை.