இரண்டு நிமிட அறிவிப்பு

எனக்குக் கருத்து கிடையாது, சரி. அப்படியானால் இந்தத் தாளில் இருப்பது என்னவாம், மழை நிலவரமா?

டொரத்தி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒலிபரப்பு அறைக்குள் நினைத்ததைப் பேசும் பழக்கம் அவளை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். மைக்கில் விழும் என்று ஆறு மணிக்கே விசிறியை நிறுத்திவிடுவார்கள். முதுகு நனைந்து நாற்காலியோடு ஒட்டியது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அதன் கீழே கண்ணாடிச் சட்டம் போட்ட அட்டை. அறிவிப்பாளர் தம் சொந்தக் கருத்தைக் கூறலாகாது என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. ஆறரைக்கு விளக்கு எரியும். இன்னும் இருபது நிமிடம்.

வாரம் ஐந்து நாள் பிரிக்பீல்ட்ஸில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் ரிக்‌ஷா பிடித்து இந்தக் குன்றுக்கு வருவாள். அரசாங்க அனுமதியோடும் அரசாங்கப் பணத்தோடும் நடக்கும் வயர்லெஸ் சங்கம் தமிழுக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தது. ஆங்கிலத்தில் சீட்டுகள் வரும். அரிசி விலை, ரயில் நேரம், அம்மை குத்தும் இடம். அவற்றைப் பார்த்துப் பார்த்து அவளே தமிழாக்கிச் சொல்வாள். நடுநடுவே இசைத்தட்டு சுழலும். அண்ணன் வீட்டில் ஒரு பக்க அறையில் இருப்பவளுக்கு, யாரையும் கேட்காமல் உட்கார இருந்தது இந்த ஒரு நாற்காலிதான்.

போன புதன்கிழமை வந்த சீட்டு ஒன்றில், தொழிலாளர்களின் வசதிக்காகச் சம்பள நாட்களில் அரசாங்கக் கள்ளுக்கடை இரவு எட்டரை வரை திறந்திருக்கும் என்று இருந்தது. அப்படியே சொன்னாள். சொல்லி முடித்ததும் நாக்கு நிற்கவில்லை.

"யாருடைய வசதிக்கு என்பதை, உலையை வைத்துவிட்டு அரிசிக்குக் காத்திருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்."

அவ்வளவுதான். ஒரு வரி. அடுத்து ரவாங் ரயிலின் நேரத்தைச் சொன்னாள். குன்றை விட்டு இறங்கும்போதுதான் அந்த வரி தன் வாயிலிருந்து வந்தது என்பதே அவளுக்கு உறைத்தது. பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில், வெகு நாளாகத் தொண்டையில் கிடந்த முள் இறங்கியதுபோலவும் இருந்தது.

மறுநாள் காலையில் தெருக் கால்வாயைக் கூட்டிக்கொண்டிருந்த வீரம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"டீச்சரம்மா! நேத்து மளிகைக்கடை ரேடியோவுல கேட்டீங்களே ஒரு கேள்வி! பொம்பளைங்க எல்லாம் கை தட்டிட்டோம். எங்க வீட்டு ஆளு மட்டும் 'யார்ரா அந்தப் பொம்பளை, புருஷன் இல்லாதவளா'ன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"இருந்திருந்தா இன்னும் நல்லா கேட்டிருப்பாங்கன்னேன்."

சனிக்கிழமை சம்பளம். வீரம்மாவும் இன்னும் ஐந்து பெண்களும் கள்ளுக்கடை வாசலில் துடைப்பத்தைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. உள்ளே போக வேண்டுமானால் ஆண்கள் துடைப்பத்தைத் தாண்ட வேண்டும். பாதிப் பேர் தாண்டக் கூச்சப்பட்டுத் திரும்பினார்கள். திங்கட்கிழமை, கூட்டுகிறவர்களை மேய்க்கும் மண்டோர் ஆறு பேரின் துடைப்பத்தையும் வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வீரம்மா அன்று பள்ளிக்கூட வேலியோரம் நின்றிருந்தாள். கையில் துடைப்பம் இல்லாமல் அவளை டொரத்தி பார்த்ததே இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

"மண்டோர் சொல்றான், புதன்கெழமை ரேடியோக்காரியே தப்புன்னு சொல்லப் போறா, அதைக் கேட்டுட்டு நீங்களும் வந்து கால்ல விழுங்கன்னு. அப்படியெல்லாம் சொல்லமாட்டீங்கல்ல, டீச்சரம்மா?"

டொரத்திக்கு எரிச்சலாக வந்தது. தான் சொல்லப்போவது மண்டோருக்குத் தெரிகிறது, கால்வாய் கூட்டுகிறவளுக்குத் தெரிகிறது, தனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது, வீரம்மா" என்றாள். அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

இப்போது தெரிந்துவிட்டது. தட்டச்சு செய்த முழுத் தாள். மற்றச் சீட்டுகளைப் போல ஆங்கிலத்தில் இல்லை, யாரோ தமிழாக்கியே அனுப்பியிருந்தார்கள். சென்ற வாரம் நான் கூறியது என் சொந்தக் கருத்து, அது தவறு. அளவோடு அருந்தும் கள் உழைப்பவர் உடலுக்கு உரம் தரும் பானம். கடைவாசலில் கூடி இடைஞ்சல் செய்த பெண்கள் தங்கள் செயலுக்கு வெட்கப்பட வேண்டும்.

கதவைத் திறந்துகொண்டு தமிழ்ப் பகுதியைப் பார்க்கும் ஜெயராஜ் வந்தார். வாயில் பெப்பர்மிண்ட் ஒதுக்கியிருந்தார். பதற்றம் என்றால் அவருக்குப் பெப்பர்மிண்ட்.

"படிச்சிட்டீங்களா, டீச்சர்? கடைசியில வைங்க. ஆறு அம்பத்தெட்டுல ஆரம்பிச்சா ஏழுக்குச் சரியா முடியும். ரெண்டே நிமிஷம்."

"இதுல நெறைய கருத்து இருக்கே, சார்."

"எங்க?"

"கள் உரம் தருதுங்கறது?"

"அது தகவல். டாக்டர் சொன்னது."

"பொம்பளைங்க வெட்கப்படணுங்கறது? அதுவும் டாக்டர் சொன்னதா?"

அவர் பெப்பர்மிண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "டீச்சர், உங்க கருத்து உங்க வாயிலேர்ந்து வந்துது, அதான் தொல்லை. இது ஆபீஸ்லேர்ந்து வருது. ஆபீஸுக்குக் கருத்து கிடையாது."

"குடிக்கமாட்டேன்னு சர்ச்சுல நாம ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் கையெழுத்துப் போட்டோம்."

"இன்னைக்கும் தொடுறதில்ல. ஆனா அது ஞாயித்துக்கெழமை ஜெயராஜ். இது புதன்கெழமை ஜெயராஜ்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. குரலைத் தாழ்த்தினார். "வெள்ளைக்கார துரை கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காரு. படிச்சிட்டீங்கன்னா அடுத்த வாரமும் இந்த நாற்காலி உங்களுது. இல்லேன்னா கிளாங்லேர்ந்து ஒருத்தர் ரெடியா இருக்காரு. என் கையில ஒண்ணும் இல்ல, டீச்சர். தயவுசெஞ்சு."

அவர் போனதும் டொரத்தி தாளை மறுபடி படித்தாள். நல்ல தமிழ்தான். ஒரு பிழைகூட இல்லை. தன் குரலில் அது எப்படி ஒலிக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். தெளிவாக, மரியாதையாக, நம்பும்படியாக ஒலிக்கும். எட்டு மாதமாக அரிசி விலையும் ரயில் நேரமும் சரியாகச் சொல்லிச் சேர்த்த நம்பிக்கை அத்தனையும் இந்தத் தாளுக்குப் போய்ச் சேரும். வீரம்மா மளிகைக்கடை வாசலில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள், வெறுங்கையோடு.

விளக்கு எரிந்தது.

வணக்கம் சொன்னாள். அரிசி விலை சொன்னாள். பாசார் சந்தையில் கருவாடு வாங்குகிறவர்களுக்குச் சுகாதார எச்சரிக்கை சொன்னாள். இசைத்தட்டு ஓடி முடிந்தது. செராஸ் பக்கம் அம்மை குத்த வருகிற நாளைச் சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஐம்பத்தெட்டு.

தாளை எடுத்தாள். மேசைமேல் குப்புற வைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

கடிகாரம் டிக் டிக்கென்றது. அந்தச் சத்தம் இந்நேரம் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயராஜ் முதலில் ஒரு விரலை ஆட்டினார். பிறகு காற்றில் ஒரு தாளைப் பிடித்துப் படிப்பதுபோல் வாயசைத்துக் காட்டினார். பிறகு கைகூப்பினார். தமிழ் தெரியாத துரை, சத்தம் நின்றதால் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, ஒலியளவு காட்டும் மீட்டரில் ஏறக்குறைய அசையாமல் கிடந்த முள்ளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

டொரத்தி இருமக்கூட இல்லை. அட்டைக்கு மேலே சிவப்பு விளக்கு ஏழு மணி வரை எரிந்துகொண்டிருந்தது.