முப்பத்தைந்து வயதில் ஒரு வீடு

சிங்கப்பூரில் தனி ஆளாக வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, வாங்க முப்பத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும். எனக்குப் போன செவ்வாய்க்கிழமை நிறைந்தது. வாழ்த்து அனுப்பியது வீட்டு ஏஜென்ட் அனிதா மட்டும்தான். அதற்குக் கீழேயே, "சனிக்கிழமை பொங்கோல்ல ஒரு வீடு பாக்கலாமாக்கா?" என்று கேட்டிருந்தாள்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். பன்னிரண்டாம் மாடி. நல்ல காற்று. நான் பதினொரு வருடமாக லிட்டில் இந்தியாவில் வாடகை அறைகளில் இருப்பவள். எல்லா வீட்டிலும் ஒரே நிபந்தனை: சமைக்கக் கூடாது. தண்ணீர் கொதிக்க வைத்ததற்கே மூன்று வீட்டுக்காரம்மாக்களிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன். மூன்று பேரையும் மனதுக்குள் திட்டாத நாளில்லை.

காலியான அடுப்படியில் போய் நின்றதும் வாய் தானாகக் கேட்டுவிட்டது: "இங்க சமைக்கலாமா?"

அனிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, வாங்கிட்டா இது உங்க வீடு லா! யாரைக் கேக்கணும்?"

நானும் சிரித்தேன். வாங்கிக்கொள்வதாகவும் சொன்னேன்.

தனியாக லிப்டில் இறங்கும்போது அந்த மூன்று வீட்டுக்காரம்மாக்களும் நினைவுக்கு வந்தார்கள். முறைப்பதற்காகவாவது, இரவில் நான் வீடு திரும்பிவிட்டேனா என்று பார்க்க அங்கே ஓர் ஆள் இருந்தது.