பத்தாவது ஷரத்து

...காலரை மட்டும் கடைசியில்தான் தேய்ப்பார், எப்போதும் அப்படித்தான், சட்டை முழுக்க முடித்துவிட்டுக் கழுத்துக்கு வருவார், அன்றைக்குக் காலையிலும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல, நீயே படியேன்" என்றார், நான் இணைப்பு ஒப்பந்தத்தின் வரைவைப் படித்தேன். எங்கள் சங்கமும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சங்கமும் ஒன்றாவதற்கான ஒப்பந்தம். இரண்டுக்கும் ஒரே வேலைதான், வீட்டில் படுத்துவிட்ட நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலும் சக்கர நாற்காலியும் இலவசமாக இரவல் கொடுப்பது. என் கணவர் எங்கள் சங்கத்துக்குச் செயலாளர், நான் வெறும் உறுப்பினர். ஒன்பதாவது ஷரத்து வந்தது: கட்டில் கேட்பவர் மருத்துவர் சான்றும் வருமானச் சான்றும் கொண்டுவர வேண்டும். "இதுக்கா தலையாட்டினீங்க?" "மேல படி." "என்னத்தப் படிக்க? இடுப்பு ஒடிஞ்ச மனுஷிய தரையில போட்டுட்டு ஆபீஸ் ஆபீசா அலைவாங்களா?" "மேல படிம்மா, அதுக்குள்ள குதிக்காத." நான் படிக்கவில்லை. காகிதத்தை மேஜைமேல் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனேன், பாத்திரம் தேய்த்தேன், வேண்டுமென்றே சத்தமாகத் தேய்த்தேன்... கூடத்தில் பேச்சுமூச்சில்லை, சரி, முறுக்கிக்கொண்டார், இருக்கட்டும் என்று விட்டேன். அரை மணி இருக்குமா, கூடவா? போய்ப் பார்த்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவைத்திருந்தார், அந்த நிலையிலும். உயிர் உடனே போயிருக்கும், நீங்க பக்கத்துல இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது என்றார் டாக்டர். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்களோ?

நாலு மாதம் கழித்துப் பதிவாளர் அலுவலகத்து நடையில், கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் இல்லாத கூட்டத்தில் உறுப்பினர்கள் கைதூக்கி முடித்துவிட்டார்கள், ஆனால் பதிவாளர் அனுமதி கொடுக்காமல் இணைப்பு செல்லாது, ஆட்சேபணை இருந்தால் விசாரிப்பார்கள், ஆட்சேபணை என்னுடையது ஒன்றுதான். பக்கத்தில் எங்கள் வேன் டிரைவர். "ரெண்டு சங்கத்துக்கும் கல்யாணம்ங்கறாங்க, வேன் ஒண்ணு போதுமாம். அப்ப நான் எந்த வீட்டு மாப்பிள்ளைக்கா?" என்றார், சிரிக்கவைக்கத்தான், சிரித்தேன். கம்பெனியை வாங்கினால் விலை என்று ஒன்று இருக்கும், பங்குக்காரன் கணக்குப் பார்ப்பான், லாபமா நஷ்டமா என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும், எங்களிடம் விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை, சங்கம் யாருக்கும் சொந்தமில்லை, அதனாலேயே கேட்பதற்கு இந்த அலுவலகத்தை விட்டால் நாதியில்லை. ஒன்றானால்தான் நல்லது என்று என் கணவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கரைக் கொட்டகையில் கட்டில்கள் மடித்துக் கிடக்க, இங்கே ஆட்கள் காத்துக்கிடந்தார்கள், இரண்டு வாடகை, இரண்டு தணிக்கை, நன்கொடை கொடுப்பவர்களும் போன தடவை அவங்களுக்குக் கொடுத்தாச்சே என்று நழுவினார்கள். எனக்கு இருந்த பயம் வேறு. அங்கே இல்லை என்றால் இங்கே வருகிறார்கள், ஒன்றாகிவிட்டால், அந்த ஒரே கதவும் மூடினால்? லாபம் பார்க்காதவர்கள் என்பதால் கதவைச் சாத்தமாட்டார்கள் என்று யார் சொன்னது? "முதல்ல கட்டில், அப்புறம் காகிதம்" என்று நான் சாப்பாட்டு மேஜையில் கத்தாத நாளில்லை, "அடடா, வக்கீலம்மா ஆரம்பிச்சாச்சு" என்பார்...

கை சும்மா இருக்கவில்லை. பையில் அந்த வரைவு இருந்தது, அவர் போன அன்று மடித்துவைத்ததை நான் பிரிக்கவே இல்லை, ஒன்பதாவதுதான் மனப்பாடமாயிற்றே, அதை வைத்தே ஆட்சேபணை எழுதிவிட்டேன். அந்தப் பெஞ்சில் எப்படிப் பிரித்தேன், தெரியவில்லை, பிரித்தேன். பத்தாவது ஷரத்து: அவசரமென்று கோருபவருக்குக் கட்டில் முதலில் வழங்கப்படும், சான்றுகள் பதினைந்து நாட்களுக்குள் பெறப்படும்... இரண்டு தடவை படித்தேன். என் வாய் வார்த்தை, சட்டை மாட்டி, பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தது. நோட்டீசோடு வந்த கடைசிப் பிரதியை எடுத்தேன், அதில் ஒன்பதுக்கு அடுத்து வரைவின் பதினொன்றாவது பத்தாகியிருந்தது. இது இல்லை. "கூட்டத்துல இத வாசிச்சாங்களா?" என்று டிரைவரைக் கேட்டேன். "ஒம்போது வரைக்கும் கேட்டேன்க்கா, அப்புறம் டீ கொடுக்கச் சொல்லிட்டாங்க." ஆக அவரும் என்னைப் போல ஒன்பதோடு நின்றவர்.

பதிவாளருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "இணைப்பே வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. அதுலயே நிக்கிறீங்களாம்மா?" வரைவை அவர் முன்னால் வைத்தேன். விசாரணைக்கு வந்திருந்த அக்கரைச் சங்கத் தலைவர் எட்டிப் பார்த்தார், பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதுவரைக்கும் சந்தோஷம். "சார் மல்லுக்கட்டித்தான் இதச் சேர்த்தார். அவர் போனப்புறம் எங்க ஆளுங்க, வேலை இழுக்கும்னு எடுத்துட்டாங்க. சண்டை போட உங்க பக்கம் ஆள் இல்ல..." என்று நிறுத்திக்கொண்டார். ஆள் இருந்தது ஐயா, அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது என்று சொல்லத் தோன்றியது. "இணையட்டும்மா, ஆனா இது உள்ள வரணும்" என்றேன், என் குரல்தானா அது? நிபந்தனையோடு அனுமதிக்க அதிகாரம் உண்டு, ஆனால் ஓட்டெடுத்த பிரதியில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று பார்க்கவேண்டும், உத்தரவு பிறகு வரும் என்றார் பதிவாளர்.

இன்னும் வரவில்லை. பாத்திரம் கழுவும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன், அவரே நம்பி அதைச் சேர்த்தாரா, இல்லை, கூட்டத்தில் என் கை உயரவேண்டுமே என்று சேர்த்தாரா, மேல படி, மேல படி என்றாரே, எந்த முகத்தோடு சொன்னார், நான் காகிதத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்... நேற்று டிரைவர் வந்து, கட்டிலுக்கெல்லாம் புதுச் சங்கத்துப் பெயர் எழுதச் சொல்லுவாங்களா அக்கா என்றார். உத்தரவு வரட்டும் என்றேன். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டுத் தகட்டிலும் அவர் கையால் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருப்பது எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்.