மூன்று பேருக்குத்தான் காற்று

விடிவதற்குள் ஹெலிபேட் முழுக்கத் தண்ணீர் தெளித்தாக வேண்டும். தூசி பறந்தால் முதலாளியின் விருந்தாளிகளுக்கு இருமல் வரும். குடம் சுமந்த பெண்களின் விரல்கள் பனியில் மரத்துப்போயிருந்தன. போன வருஷம்வரை அங்கே தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். செடிகளை வேரோடு பிடுங்கிச் சமப்படுத்திய இடம் அது.

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த இந்துமதிக்கு எடை போடும் வேலை. ஏறுகிறவர்களைப் பெட்டியோடு தராசில் நிறுத்தி, எழுதிய தாளைப் பைலட் டெனினிடம் கொடுப்பாள்.

முதலாளி கீர்த்திவாசன் கோயம்புத்தூர்க்காரன். அப்பன் வைத்துவிட்டுப்போன எஸ்டேட்டோடு வானமும் தன் பெயருக்குப் பத்திரமாகிவிட்டதாக நினைப்பு. போன வாரம் அதிக பாரத்தோடு கிளப்பச் சொன்னான். டெனின் வாயை மூடிக்கொண்டு கிளப்பினான். ஏற முடியாமல் ஹெலிகாப்டர் சரிவின்மேல் தாழப் பறந்தது. அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஆண்டாயி அந்தக் காற்றில் உருண்டு விழுந்ததில் அவளுக்குக் கை முறிந்தது. கீர்த்திவாசன் ஆஸ்பத்திரிக்கு ஒரு பழக்கூடை அனுப்பிவைத்தான். அத்தனை பெரிய மனசு.

இன்று நண்பகலில் ஐந்து விருந்தாளிகளோடு வந்து நின்றான்.

"மூணு பேர்தான் ஏறலாம் சார்" என்றான் டெனின்.

"காலையில அஞ்சு பேரு போனாங்கல்ல?"

"காலையில குளிர். இந்த உயரத்துல ஏற்கெனவே காத்து லேசு, வெயில் ஏறினா இன்னும் லேசாயிடும். மேல ஏறணும்னா முதல்ல எழுபது கிலோமீட்டர் வேகமாவது பிடிக்கணும். எதிர்காத்து இருந்தா சீக்கிரம் ஏறிடலாம். இப்ப முதுகுல அடிக்குது. ஏறுறதுக்குள்ள அந்த சில்வர் ஓக் மரம் வந்துடும்."

"பாடம் நடத்தவா உனக்குச் சம்பளம்? டிரைவர்னா வண்டிய எடுக்கோணும்." இந்துமதி பக்கம் திரும்பினான். "ஏம்மா, தாள்ல ஆளுக்குப் பத்துக் கிலோ கொறைச்சு எழுது."

"தாள்ல கொறைச்சா ஒடம்புல கொறையுமா தொரை?"

விருந்தாளி ஒருவர் அவசரமாகத் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டார்.

"நாளைக்கே லயத்தக் காலி பண்ணு. டெனின், நீயும் கெளம்பு. ஒரு போன் போட்டா பத்துப் பைலட்டு வருவான்."

இந்துமதி தராசை விட்டு நகர்ந்தாள். ஹெலிகாப்டருக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஹெலிபேடைப் பெருக்கிக்கொண்டிருந்த நான்கு பெண்கள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். செய்தி சரிவுக்குப் போனது. கொழுந்துப் பைகளை இறக்கி வைத்துவிட்டு முப்பது பேர் ஏறி வந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு ஆண்டாயியும் வந்தாள்.

டெனின் தயங்கி நின்றான். இத்தனை நாளும் விருந்தினர் மாளிகையில் சாப்பிட்டவன், அவர்களோடு ஒரு டீ குடித்ததில்லை.

"அன்னிக்கு நான் விழுந்தத மேலயிருந்து பாத்தியா தம்பி?" என்று கேட்டாள் ஆண்டாயி.

"பாத்தேன்க்கா. நான் அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.

"ஆண்டாயிக்கு வைத்தியச் செலவு குடுக்கணும். பைலட்டு சொல்ற பாரந்தான் ஏறணும். யாரையும் லயத்த விட்டு வெரட்டக் கூடாது" என்றாள் இந்துமதி.

"போலீஸ் ஜீப் வந்துட்டிருக்குது" என்று, பேசி முடித்த போனை ஆட்டியபடி கத்தினான் கீர்த்திவாசன். குரல் கீச்சிட்டது.

"வரட்டும் தொரை. அவங்களையும் நிறுத்துத்தான் ஏத்துவோம்."

சிரிப்பு வரிசையில் பரவியது. கீழ் வளைவில் ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. ஆண்டாயி நல்ல கையால் இந்துமதியின் தோளைப் பற்றிக்கொண்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை.