பத்தரைக்கு முடித்துக்கொள்ளலாம்

கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டித் தரும் பலகைக்காரி எதற்கும் அழமாட்டாள். அன்று அந்த மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் அழப் பார்த்தாள். துக்கத்தால் அல்ல, எரிச்சலால்.

கடையின் நெற்றியில் பளபளவென்று ஒரே கறுப்புக் கல், நீளம் முன்னூற்று ஐம்பது சென்டிமீட்டர். அதில் எட்டு எஃகு எழுத்துகளைத் துளையிட்டுப் பொருத்த வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் முப்பது சென்டிமீட்டர் அகலச் சதுரத் தகட்டில் இருந்தது. எழுத்துகளுக்கு நடுவே ஒரே அளவு இடைவெளி. இரண்டு ஓரத்திலும் அதைப்போல் இருமடங்கு. துளை தப்பினால் கல்லையே மாற்றித் தருவதாக அவள்தான் வாயை விட்டிருந்தாள். அந்தக் கறுப்பில் இன்னொரு கல் கிடையாது என்று கல்கடைக்காரர் அப்புறம்தான் சொன்னார்.

ஏணியில் நின்ற கணவன், துளைக்கருவியை அணைத்தபடி, கண்ணை இடுக்கிக் கல்லைப் பார்த்தான். "ஏம்மா, இடைவெளி பன்னிரண்டு வை. என் கண்ணு பொய் சொல்லாது."

"உங்க கண்ணு சொன்னா மொத்தம் முன்னூத்தி எழுபத்திரண்டு வருதுங்க. மிச்ச இருபத்திரண்டை எங்க ஒட்டுறது, உங்க நெத்தியிலயா?"

"ஒன்பது போதும்மா," என்றார் கீழே நின்ற கடை முதலாளி.

"அப்ப பதினொன்னு குறையுதுண்ணே."

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேரம் பேசியே பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கக்கூடிய மனிதர் அவர். "அவர் பன்னிரண்டு, நான் ஒன்பது. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம், நடுவுல பத்தரைக்கு முடிச்சுக்கலாம்."

"அருமை!" என்றான் கணவன். ஏணி ஆடியது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டைப்பெட்டி மூடியைத் திருப்பிப் போட்டு, பென்சிலை எடுத்தாள்.

"இது கத்திரிக்காய் இல்லண்ணே, பேசித் தீர்க்க. இடைவெளி எவ்வளவுன்னு தெரியாது, எக்ஸுன்னு வெச்சுக்குங்க. எட்டு எழுத்துக்கு நடுவுல எத்தனை எக்ஸ்?"

"எட்டு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். தப்பில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை.

"ஏழு! எட்டுப் பேர் வரிசையில நின்னா நடுச்சந்து ஏழுதான். ஓரத்துக்கு ரெண்டு ரெண்டுன்னு நாலு. ஆக பதினொரு எக்ஸ். எழுத்து மட்டுமே இருநூத்தி நாப்பது. அதோட பதினொரு எக்ஸைக் கூட்டினா முன்னூத்தி அம்பது. ரெண்டு பக்கமும் இருநூத்தி நாப்பதை எடுத்துடுங்க. பதினொரு எக்ஸ் நூத்திப் பத்து. பதினொன்னால வகுத்தா எக்ஸ் பத்து. போட்டுப் பாருங்க, கச்சிதமா முன்னூத்தி அம்பது."

முதலாளி அட்டையை வாங்கி, துணிக்கடையில் சேலை பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கணக்கு சரிம்மா. ஆனா நான் சொன்னது பத்தரை, நீ சொல்றது பத்து. ஒரு அரைதானே? பெரிய மனசு பண்ணு."

"அரை இல்லண்ணே, பதினோரு அரை! எல்லாம் சேர்ந்து வலது கோடியில போய் விழும். இடது ஓரம் இருபத்தொன்னு, வலது ஓரம் பதினஞ்சரை."

"யாரும்மா அளந்து பார்க்கப் போறா?"

"இது கண்ணாடிக் கடைண்ணே. புதுக்கண்ணாடி போட்டுட்டு வெளிய வர்றவன் திரும்பி முதல்ல எதைப் பார்ப்பான்? உங்க பேர்ப்பலகையைத்தான். கோணலாத் தெரிஞ்சா கண்ணாடியைக் கழட்டி உங்க கையிலயே குடுத்துட்டுப் போவான்."

முதலாளியின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது. கல்லைப் பார்த்தார். வலது கோடியை இன்னொரு முறை பார்த்தார்.

"சரி, அரையை விட்டுக்கொடுக்கறேன். பதிலுக்குக் கொசுறா என்ன தருவே?"

"நேரா நிக்கும்ணே. அதான் கொசுறு."

இன்னொரு ஏணியில் ஏறி, பென்சில் குறியை அவளே வைத்தாள். ஒவ்வொரு துளைக்கும் முன்னால் அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்து, அப்புறமே கணவனைக் கருவியை ஓட்டவிட்டாள். தகட்டுக்கு இரண்டாகப் பதினாறு துளை. கடைசித் தகட்டை முடுக்கி, வலது ஓரத்தில் நாடாவை வைத்தாள். சரியாக இருபது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கீழே முதலாளி எதிர்க்கடைக்காரரிடம் மார்தட்டிக்கொண்டிருந்தார்: "பன்னிரண்டுன்னு ஆரம்பிச்சாங்கப்பா. விடுவனா? பத்துக்கு இறக்கிட்டேன்."

"நல்ல விலைதான்," என்றார் எதிர்க்கடைக்காரர்.

அவளைத் தொடர்ந்து ஏணியிலிருந்து இறங்கிய கணவன் அவள் காதோரம் கிசுகிசுத்தான். "இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா பதினொன்னுக்கு ஒத்துக்கிட்டிருப்பார், இல்ல?"

அவள் துளைக்கருவியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். அது கையில் இருக்கும்வரை பதில் சொல்வது நல்லதில்லை என்று பட்டது.